மென்பொருள் கம்பெனி காணாமல் போனால் கடைத் தளம் என்ன ஆகும்?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடை என்று வைத்துக்கொள்வோம். கடைக்குச் சொந்தமாக ஒரு வலைத்தளம் இருக்கிறது. சர்வருக்கு மாதாமாதம் வாடகை கட்டி, ஒரு கம்பெனியிடம் காசு கொடுத்து வாங்கிய விற்பனை மென்பொருளை அதில் நிறுவியிருக்கிறார்கள். புடவைப் படங்கள், விலை, ஆர்டர், வாடிக்கையாளர் முகவரி எல்லாம் அதற்குள். ஒருநாள் அந்தக் கம்பெனியை மூடிவிடுகிறார்கள். போன் எடுக்க ஆள் இல்லை. மறுநாள் காலை கடையின் தளம் திறக்குமா?

பெரும்பாலும் திறக்கும். யாராவது முகவரியைத் தட்டினால், டிஎன்எஸ் அந்தப் பெயரைப் பார்த்து சர்வரின் எண்ணைச் சொல்கிறது. சர்வரில் இருக்கும் நிரல் டேட்டாபேஸிலிருந்து புடவை விவரத்தை எடுக்கிறது, பக்கமாகக் கோத்து அனுப்புகிறது. இந்தப் பயணத்தில் மென்பொருளை எழுதிய கம்பெனிக்கு வேலையே இல்லை. அவர்கள் எழுதிய நிரலின் நகல்தான் ஓடுகிறது, அது கடைக்காரரின் சர்வரில் இருக்கிறது. தன் கட்டுப்பாட்டில் இருக்கும் சர்வரில் தளம் நடத்துவதன் முதல் பலன் இதுதான்.

ஆனால் மெல்ல மெல்ல வரும் தொல்லைகள் உண்டு. முதலாவது லைசென்ஸ் கீ, அதாவது காசு கொடுத்து வாங்கியதற்கு அடையாளமாகக் கொடுக்கும் குறியீடு. பல மென்பொருள்கள் அவ்வப்போது கம்பெனியின் சர்வரைக் கூப்பிட்டு, 'இந்தக் கீ செல்லுமா?' என்று கேட்கும். அந்த சர்வர் இல்லாமல் போனால் பதில் வராது. பதில் வராதபோது என்ன செய்ய வேண்டும் என்பதை நிரல் எழுதியவர் முன்பே முடிவு செய்திருப்பார். 'சரி, போகட்டும்' என்று தொடர்ந்து ஓடும்படி எழுதியிருந்தால் தப்பித்தோம். பதில் இல்லையென்றால் பூட்டிவிடு என்று எழுதியிருந்தால் தளம் நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு வகை உண்டு: பதிலுக்காக அரை நிமிடம் காத்திருந்துவிட்டு அப்புறம் ஓடும். வெளியே இருந்து பார்த்தால் தளம் திடீரென்று மந்தமானது போலத் தெரியும், காரணம் யாருக்கும் பிடிபடாது.

நிரலையே மூடி முத்திரை வைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். பிஎச்பி என்பது இத்தகைய தளங்கள் பலவற்றை எழுதும் நிரல்மொழி. அதில் எழுதிய நிரலை அயன்க்யூப் போன்ற கருவியால் மறைத்துவிட்டால், அதைத் திறந்து படிக்க முடியாது, திருத்தவும் முடியாது. அது எந்த பிஎச்பி பதிப்புக்காக மூடப்பட்டதோ, அந்தப் பதிப்போடு கட்டிப் போட்டது மாதிரிதான். பிஎச்பியோ நிற்காமல் நகர்கிறது. 2015 இறுதியில் வந்த ஏழாம் பதிப்பில், டேட்டாபேஸோடு பேசும் பழைய மைஎஸ்க்யூஎல் கட்டளைகளை ஒரேயடியாக நீக்கிவிட்டார்கள். அவற்றை நம்பி இருந்த தளங்கள் புதிய பதிப்புக்கு மாறியதும் விழுந்தன. 7.4 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுபோயின. கம்பெனி இருந்தால் நிரலைத் திருத்தி அனுப்பும். இல்லையென்றால், ஓட்டை விழுந்த பழைய பிஎச்பியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், அல்லது நிரலைத் திருத்தத் தெரிந்தவரைத் தேட வேண்டும். நிரல் திறந்திருந்தால்தான் அவராலும் ஏதாவது செய்ய முடியும். ஆகவே வாங்கும்போதே கேளுங்கள்: நிரலைத் திறந்து கொடுக்கிறீர்களா, திருத்திக்கொள்ள உரிமை உண்டா? விலையைப் பேரம் பேசுவதைவிட இந்தக் கேள்வி முக்கியம் என்பேன்.

இந்த உரிமை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இணைய வரலாற்றிலேயே சாட்சி உண்டு. 2001இல் மிஷெல் வால்திரிகி என்ற பிரெஞ்சு நிரலாளர் பி2 என்ற வலைப்பதிவு மென்பொருளை எழுதினார். அடுத்த ஆண்டிலேயே அதன் வளர்ச்சி நின்றுபோனது. ஆனால் அதை ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டிருந்தார். நகலெடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதை மற்றவர்களுக்கும் கொடுக்கலாம் என்பது அந்த உரிமத்தின் சாரம். அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்த மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் யாரிடமும் அனுமதிக்குக் காத்திருக்காமல் அந்த நிரலை எடுத்து மேலே கட்டினார்கள். 2003 மே மாதம் அதுதான் வேர்ட்பிரஸ் என்ற பெயரில் வெளிவந்தது. இன்று உலகத் தளங்களில் நாற்பது விழுக்காட்டுக்கும் மேல் அதில் ஓடுகின்றன.

கம்பெனி போனதைவிட, கம்பெனி விட்டுச் சென்ற பெயர் இன்னும் ஆபத்தானது. பல தளங்கள் தங்கள் பக்கத்துக்கு வேண்டிய, பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் துண்டுகளை வேறொருவர் முகவரியிலிருந்து நேரடியாக இழுத்துக்கொள்கின்றன. அந்த முகவரி கைமாறினால், புது உரிமையாளர் எதை அனுப்பினாலும் உங்கள் வாடிக்கையாளரின் போனில் அது ஓடும். 2024இல் பாலிஃபில் டாட் ஐஓ என்ற முகவரிக்கு இதுதான் நடந்தது. பழைய பிரவுசர்களுக்கு உதவ எழுதப்பட்ட நல்ல நிரல் அது. பிப்ரவரியில் அந்த டொமைன் (தளப் பெயர்) வேறொரு கம்பெனியிடம் போனது. ஜூன் மாதத்தில் பார்த்தால், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் வழியாகப் பார்வையாளர்களை மோசடிப் பக்கங்களுக்குத் திருப்பிக்கொண்டிருந்தது. மருந்து எளிது: அந்தக் கோப்பைப் பதிவிறக்கி உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எழுத்துருவுக்கும் அதே கதைதான்.

சரி, இனி தரவு. நிரல் போனால் வேறு நிரல் வாங்கலாம், பத்து வருட ஆர்டர் கணக்கை எங்கே வாங்குவது? டேட்டாபேஸை எஸ்க்யூஎல் டம்ப் என்ற கோப்பாக வெளியே எடுக்கலாம். அது வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில்கூடத் திறக்கும். எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல் ஐந்து வருடம் கழித்தும் படிக்கலாம். ஆனால் தமிழில் தளம் நடத்துபவர்கள் இங்கே கூடுதலாகக் கவனிக்க வேண்டும். எழுத்துகளைக் கணினியில் எண்களாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் (சேமிப்பின் சிறு அலகு) போதும், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். 'வணக்கம்' என்பதில் புள்ளிகளையும் தனியாக எண்ணினால் ஏழு குறிகள், ஆக 21 பைட். பழைய மென்பொருள்கள் பல, தமிழை யுடிஎஃப்-8இல் சேமித்துவிட்டு, டேட்டாபேஸிடம் 'இது லத்தீன் எழுத்து' என்று சொல்லிவைத்திருக்கும். பழைய நிரலில் பார்க்கும்போது தமிழ் ஒழுங்காகத் தெரியும், ஏனென்றால் போட்ட வழியிலேயே திருப்பி எடுக்கிறது. புது நிரலுக்கு மாற்றியதும் ஒவ்வொரு எழுத்தும் மூன்று கிறுக்கலாக உடையும்: தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், அப்புறம் ஏதோ ஒன்று. பார்த்துப் பதற வேண்டாம். பைட்டுகள் பத்திரமாகத்தான் இருக்கின்றன, 'லத்தீன்' என்று போட்டுவைத்த அடையாளத்தைச் சரிசெய்தால் தமிழ் திரும்பிவிடும். ஆனால் எழுத்து இருந்த இடத்தில் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றால் கதை வேறு. மாற்றும்போதே எழுத்துகள் போய்விட்டன, அந்த நகலிலிருந்து மீட்க முடியாது. அதனால்தான் பழையதை அழிக்கும் முன் புது நகலைத் திறந்து பத்துப் பக்கமாவது கண்ணால் படித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் தட்டியவை இன்னொரு ரகம். கோப்பில் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அதற்குத் தமிழ் வேஷம் போடுகிறது. எழுத்துரு போனால் தமிழும் போச்சு. மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இன்றும் கிடைக்கின்றன, எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடுக்கு இப்போதே மாற்றிவிடுவது நல்லது.

இன்னொரு நுணுக்கம். தளத்தின் பெயரையோ சர்வரையோ மாற்றும்போது, டம்ப் கோப்பில் பழைய முகவரியைத் தேடிப் புது முகவரியாக மாற்றிவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் போதாது. வேர்ட்பிரஸ் அமைப்புகள் பலவற்றில் ஒவ்வொரு சொற்றொடருக்கும் முன்னால் அதன் பைட் எண்ணிக்கை எழுதப்பட்டிருக்கும். துணி பேல் மேல் 'உள்ளே 24 உருப்படி' என்று எழுதியிருப்பது போல. உள்ளே 22 இருந்தால் பிஎச்பி அந்தப் பேலையே ஏற்காது. முகவரியின் நீளம் இரண்டு எழுத்து மாறினால், தளத்தின் மெனுவும் விட்ஜெட் எனும் சிறு பெட்டிகளும் சத்தமில்லாமல் காணாமல் போகும். எண்ணிக்கையையும் சேர்த்துத் திருத்தும் கருவிகளை வைத்துத்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். படங்கள் டேட்டாபேஸுக்குள் இருக்காது, தனி ஃபோல்டரில் இருக்கும். அதையும் சேர்த்து எடுத்தால்தான் அது பேக்கப்.

டொமைன் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் விதி ஒன்றுதான்: பதிவு கடை உரிமையாளர் பெயரில், அவருடைய மெயிலில் இருக்க வேண்டும். தளம் செய்து கொடுத்தவர் தன் கணக்கிலேயே பதிவு செய்து வைத்திருப்பதை எங்கள் பக்கம் நிறையப் பார்க்கிறேன். அவர் நல்லவராகவே இருக்கலாம், அவர் போன் நம்பர் மாறினாலே சிக்கல்தான். டாட் இன் பெயர்களின் மூலப் பதிவேடு நிக்ஸி என்ற அமைப்பிடம் இருக்கிறது. நாம் காசு கட்டும் பதிவாளர் இடையில் நிற்பவர்தான். பதிவாளரே விழுந்தாலும் பெயர் பிழைக்கும். 2007இல் ரெஜிஸ்டர்ஃப்ளை என்ற அமெரிக்கப் பதிவாளர் சரிந்தபோது, இணையப் பெயர்களை மேற்பார்க்கும் ஐகேன் அமைப்பு தலையிட்டு அதன் லட்சக்கணக்கான பெயர்களை வேறொரு பதிவாளருக்கு மாற்றியது. ஆனால் பதிவு உங்கள் பெயரில் இருந்தால்தான் 'இது என்னுடையது' என்று கேட்க முடியும்.

இதையெல்லாம் சரியாகச் செய்திருக்கிறோமா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது. பழைய லேப்டாப் ஒன்றில் பேக்கப்பிலிருந்து தளத்தை நிறுவுங்கள். நிறுவி முடித்ததும் இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டு, அதே லேப்டாப்பின் பிரவுசரில் தளத்தைத் திறங்கள். லைசென்ஸ் கேட்டு நிற்கிறதா, எழுத்துரு மாறுகிறதா, பொத்தான் வேலை செய்யவில்லையா, எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். பிரவுசரின் டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் என்ற பகுதியைப் பார்த்தால், பக்கம் யார் யாரைக் கூப்பிடுகிறது என்று முகவரியோடு பட்டியலே வரும். பணம் கட்டும் பகுதி இயங்காது, அது எதிர்பார்த்ததுதான், வங்கியோடு பேசாமல் அது முடியாது. மற்றவை ஒவ்வொன்றுக்கும் மாற்று என்ன என்று இப்போதே எழுதி வையுங்கள். கம்பெனி உயிரோடு இருக்கும்போதே கேட்டால் பதில் கிடைக்கும்.

அந்தப் பேக்கப்பை எங்கே வைப்பது என்பதும் நம் ஊரில் சாதாரணக் கேள்வி இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் வியாசர்பாடி, எண்ணூர் என்று பல பகுதிகள் தண்ணீரில் நின்றன. தரைத்தளக் கடையின் மேசை டிராயரில் இருக்கும் ஹார்டு டிஸ்கும் கடையோடு சேர்ந்து நனையும். ஒரு பிரதி சர்வருக்கு வெளியே ஒரு மேகச் சேமிப்பில், இன்னொன்று வேறு பகுதியில் இருக்கும் உறவினர் வீட்டு மாடியில் என்று வைக்கலாம். வாடிக்கையாளர் முகவரிகள் இருப்பதால் இரண்டுக்கும் கடவுச்சொல் பூட்டு வேண்டும். கூடவே, தளத்தின் எல்லாப் பக்கங்களையும் பிரவுசர் நேரடியாகத் திறக்கும் வெறும் எச்டிஎம்எல் கோப்புகளாக இறக்கி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். வீகெட் என்ற இலவசக் கருவி இதைச் செய்யும். அந்த நகலுக்கு பிஎச்பியும் வேண்டாம், டேட்டாபேஸும் வேண்டாம், எந்த மலிவான சர்வரில் போட்டாலும் ஓடும். தேடலும் ஆர்டர் படிவமும் அதில் வேலை செய்யாது. புடவைப் படமும் விலையும் கடையின் போன் நம்பரும் தெரியும்.