வளைந்தது எவ்வளவு, திரும்பி வந்தது எவ்வளவு?

கடலூர் முதுநகர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "துறைமுகத்துப் பழைய சரக்கு மேடையில் பெரிய கிரேனை நிறுத்தலாமா, கூடாதா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?" 2022 மார்ச்சில் புதுச்சேரி துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி கடலில் சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கவலை வராமல் இருக்காது.

உப்பு ஊறினால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்பதால் கான்கிரீட் வெடித்து உதிரும். சரி, இது தெரிந்ததுதான். உள்ளே நல்ல கம்பி எவ்வளவு மிச்சம் என்பதுதான் வெளியே தெரியாது. அதனால் சுமையை ஏற்றியே பார்த்துவிடுகிறார்கள்.

சுமைக்குத் தண்ணீர் வசதியானது. ஒரு கன மீட்டர் ஒரு டன். தொட்டியில் மெல்ல ஏற்றலாம், விரிசல் கண்டால் உடனே வால்வைத் திறந்துவிடலாம். கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456 விதிப்படி, மேடையின் சொந்த எடை போக, அது சுமக்க வேண்டிய பாரத்தைப்போல் 1.25 மடங்கை 24 மணி நேரம் வைத்திருக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதற்கு அப்புறம்தான். பாரத்தை இறக்கிய 24 மணி நேரத்துக்குள், வளைந்ததில் 75 சதவீதமாவது மேடை நிமிர வேண்டும். 8 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் 6 மில்லிமீட்டர் மேலே வர வேண்டும். வராவிட்டால் 72 மணி நேரம் கழித்து மறுபடி ஒரு சோதனை. அதில் 80 சதவீதம் தேறாவிட்டால் மேடை தோல்வி. நல்ல கம்பி ஸ்பிரிங் மாதிரி இழுபட்டுத் திரும்பும், மயிரிழை விரிசல்களையும் மூடிவிடும். துரு தின்ற கம்பியோ கான்கிரீட்டின் பிடியிலிருந்து வழுக்கும். வழுக்கிய இடத்திலேயே நின்றுவிடும்.

இந்த மில்லிமீட்டரைக் கடலுக்கு மேலே எப்படி அளப்பது? அளவுகோலை நிறுத்த ஆடாத இடம் வேண்டுமே! நம் கொத்தனார் கையில் இருக்கும் டியூப் லெவல் தத்துவம் இங்கே உதவும். குழாயின் ஒரு முனை பாரம் விழாத இடத்தில், மறுமுனை பாரத்துக்கு அடியில். பாரம் ஏற்றியதும் இரு முனைகளிலும் ஒட்டிய அளவுகோல்களில் நீர்மட்டம் காட்டும் வித்தியாசமே வளைவு. வெயிலையும் மறக்கக் கூடாது: உச்சிவேளையில் மேல்பக்கம் சூடேறி விரிவதால் தளம் தானே மேல்நோக்கி வளையும். விடியலுக்கு முன் எடுத்த அளவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவது நல்லது.

கிரேன் வந்ததும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள், வைக்கட்டும். அதற்கு முன்பே சோதனை முடிவை அங்கே வேலை செய்பவர்கள் படிக்கும்படி வாசலில் ஒட்ட வேண்டும் என்பது என் கட்சி.

தண்ணீர்ப் பாரம் பரவலாக அழுத்தும். கிரேனோ நான்கு கால்களில் குத்தி நிற்கும். அந்தக் கால்கள் ஊன்றும் இடங்களைத் தனியாகக் கணக்கிட வேண்டும். கீழே நீருக்குள் நிற்கும் தூண்களை முக்குளிப்பவர் இறங்கித்தான் பார்க்க வேண்டும்.