நீலப் புகை: எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்

தென்னாப்பிரிக்காவில் ஃபோக்ஸ்வேகன் சிட்டி கோல்ஃப் காரின் உற்பத்தி 2009-இல் நின்றது. டொயோட்டா டாஸ் அதற்கும் முன்பே, 2006-இல் நின்றுவிட்டது. ஆனாலும் டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் தெருக்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கும் பெரியவர்களைக் கோயிலுக்கும் இன்னமும் இந்த வண்டிகள்தான் கொண்டுபோய் விடுகின்றன. இவற்றின் சைலன்சரில் கொஞ்சம் நீலப் புகை தெரிந்தால் போதும், “எஞ்சின் போச்சு, ஓவர்ஹால் பண்ணணும்” என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள், ஒரு ஸ்பார்க் ப்ளக்கைக்கூடக் கழற்றிப் பார்க்காமல். அப்படித் தீர்ப்பு வாங்கிக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வரும் பல வண்டிகளுக்கு ஓவர்ஹால், அதாவது எஞ்சினை முழுக்கப் பிரித்துச் செய்யும் வேலை, தேவைப்படுவதே இல்லை. பழைய காருக்கு ஓவர்ஹால் செலவு சில சமயம் வண்டியின் விலையையே தாண்டிவிடும். சம்பளக்காரக் குடும்பத்துக்கு அது சின்ன விஷயமல்ல. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. எந்த வழியாக உள்ளே வந்து எரிகிறது என்பதுதான் கேள்வி. அதற்குப் பாதி விடை, புகை எப்போது வருகிறது என்பதிலேயே இருக்கிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் குப்பென்று புகைத்துவிட்டு, பிறகு சுத்தமாக ஓடினால் வால்வு சீலைச் சந்தேகியுங்கள். அந்த ரப்பர் காய்ந்து இறுகிப்போனால் வால்வுத் தண்டு வழியாக ஆயில் சொட்டுச் சொட்டாக இறங்கும். ஈஸ்டர் சமயத்தில் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் திருவிழாவுக்கு ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வருகிறவர்கள், “வழியெல்லாம் நல்லாத்தான் வந்துச்சு அண்ணா, ஃபீல்ட்ஸ் ஹில் இறங்கி மிதிச்சதும் புகையுது” என்பார்கள். அதுவும் பெரும்பாலும் வால்வு சீல்தான். ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு கியரிலேயே நீண்ட இறக்கத்தில் வரும்போது த்ராட்டில் மூடியிருக்கும். அப்போது காற்று நுழையும் வழியான இன்டேக்கில் உண்டாகும் வெற்றிடம் ஆயிலை உறிஞ்சி இழுக்கும். மறுபடி மிதித்ததும் அது புகையாக வெளியே வருகிறது. மேட்டில் பாரத்தோடு ஏறும்போது விடாமல் புகைந்தால்தான் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கையும், பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையான போரையும் நினைக்க வேண்டும்.

வெள்ளைப் புகை வேறு கதை. குளிர்காலக் காலையில் கொஞ்ச நேரம் வந்தால் பயமில்லை. எஞ்சின் சூடேறிய பிறகும் நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால், எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள். கறுப்புப் புகை பெட்ரோல் அதிகமாகப் போவதைக் காட்டுகிறது, தேய்மானத்தை அல்ல.

எதையும் பிரிப்பதற்கு முன், எஞ்சினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்கு அனுப்பும் பி.சி.வி. வால்வைப் பாருங்கள். சில மாடல்களில் வால்வு இருக்காது, வெறும் பிரீதர் குழாய்தான் இருக்கும். வால்வோ குழாயோ அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, ஆயிலை இன்டேக் பக்கமும் சீல்கள் வழியாகவும் வெளியே தள்ளும். பார்ப்பதற்கு ரிங் போன எஞ்சின் மாதிரியே இருக்கும். வால்வைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே கலகலவென்று ஆட வேண்டும். ஆடாவிட்டால் மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லை. கூடவே ஏர் ஃபில்டர் பெட்டி சரியாக மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த இடுக்கில் நுழைகிற தூசிதான் ரிங்கையும் போரையும் அரைத்துத் தின்கிறது.

அடுத்தது கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று அளப்பது. கேஜ் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டால் வீட்டிலேயே செய்யலாம். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், பேட்டரி பலமாக இருக்க வேண்டும். ஃப்யூல் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு காயில் இணைப்பையும் கழற்றிவிடுங்கள். ப்ளக் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கேஜை ஒரு ப்ளக் ஓட்டையில் பொருத்தி, ஒருவர் ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்ற, முள் ஏறி நிற்கும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா சிலிண்டருக்கும் ஒரே அளவு சுற்றுங்கள்.

இங்கே நம் நாட்டுக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது, ஜோஹன்னஸ்பர்க் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில். அங்கே காற்றழுத்தமே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்பனில் 12 பார் (அழுத்த அலகு) காட்டும் நல்ல எஞ்சின் ஜோஹன்னஸ்பர்க்கின் லெனேஷியாவில் 10 பார் பக்கம்தான் காட்டும். புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு, “தேஞ்சுபோச்சு” என்று சொல்லி அங்கே நல்ல எஞ்சினைப் பிரித்திருக்கிறார்கள். எண்ணைவிட சிலிண்டர்களுக்குள் இருக்கும் வித்தியாசம்தான் முக்கியம். நான்கும் 10 என்றால் கவலை குறைவு. மூன்று 12, ஒன்று 8 என்றால் அந்த ஒன்றில் கோளாறு இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு மட்டும் சேர்ந்து குறைந்தால், அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம்.

குறைவாகக் காட்டிய சிலிண்டரில், ப்ளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் ஊற்றி மறுபடி அளந்து பாருங்கள். முள் நன்றாக ஏறினால் தேய்ந்திருப்பது ரிங் அல்லது போர், ஏனென்றால் அந்த ஆயில் இடைவெளியைத் தற்காலிகமாக அடைக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். இந்த ஒரு டீஸ்பூன் சோதனையைச் செய்யாமல் யாரும் உங்கள் எஞ்சினைப் பிரிக்க விடாதீர்கள்.

வால்வு சீல் என்று தெரிந்தால், கை பழகியவர் ஹெட்டை இறக்காமலேயே மாற்றலாம். ப்ளக் ஓட்டை வழியாக மெல்லிய நைலான் கயிற்றை உள்ளே விட்டு, முனையை வெளியே வைத்துக்கொண்டு, க்ராங்கைக் கையால் மெதுவாகத் திருப்பிப் பிஸ்டனை மேலே கொண்டுவந்தால், கயிறு வால்வைத் தாங்கிக்கொள்ளும். பிறகு வால்வு ஸ்ப்ரிங்கை அமுக்கி, அதைப் பிடித்திருக்கும் சின்ன லாக்கை எடுத்து சீலை மாற்றலாம். லாக் எஞ்சினுக்குள் விழாதபடி ஆயில் ஓட்டைகளைத் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் மறக்காமல் எடுங்கள்.

ரிங், போர் வேலையை வீட்டில் செய்யச் சொல்ல மாட்டேன். போர் தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டால், அதில் புது ரிங் போட்டாலும் கொஞ்ச நாளில் பழையபடி புகையும். அதேபோல், எஞ்சினிலிருந்து டொக் டொக்கென்று சத்தம் வந்தாலோ, சூடான பிறகு ஐடிலில் ஆயில் விளக்கு எரிந்தாலோ வண்டியை ஓட்டாதீர்கள். பேரிங் தேய்ந்திருக்கலாம். ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பாருங்கள், செம்பு நிறத்தில் பொடி மின்னினால் சந்தேகமே வேண்டாம். கெட்டி ஆயிலோ, “புகையை நிறுத்தும்” என்று விற்கிற திரவமோ தேய்ந்த உலோகத்தைத் திரும்பக் கொண்டுவராது. விற்கிறவருக்குத்தான் அதனால் லாபம்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள், ஸ்டார்ட் செய்வதற்கு முன் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் காலைப் புகையை உங்களுக்கு முன்பே யாரோ தீர்த்துவிட்டார்கள் என்று அர்த்தம். மறுநாள் காலையில் வருகிறேன் என்று சொல்லுங்கள். வண்டி சாலைக்குத் தகுதியானது என்று தரும் ரோட்வொர்த்தி சான்றிதழை நம்பி விடவேண்டாம், அதில் கம்ப்ரஷன் பார்ப்பதில்லை.

ரீபோர் (போரைக் கடைந்து பெரிதாக்குவது) செய்தே ஆக வேண்டும் என்று பட்டறையில் சொன்னால், ஒவ்வொரு சிலிண்டரின் விட்டத்தையும் மேலே, நடுவே, கீழே அளந்து காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். 0.25 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் போதுமா, 0.50 வேண்டுமா என்பது அந்த அளவுகளிலிருந்துதான் தெரியும். அளவு எழுதித் தராத இடத்தில் வண்டியை விட வேண்டாம்.