நாடகம் முடிந்தபின் அவர் எந்த வீட்டுக்குத் திரும்புகிறார்?

கலை வழியாகச் சமூக மாற்றத்துக்கு உழைக்கும் தொண்டு நிறுவனங்களுக்கு நாடகப் பயிற்சி தருவது என் வேலை. ஒத்திகைக்குப் போனதும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இந்தக் கதை யாருடையது? நாடகம் முடிந்ததும் அவர் யாரிடம் திரும்பிப் போகிறார்?

பிரேசில் நாட்டு நாடக இயக்குநர் அகஸ்தோ போவால் 1960களில் தன் குழுவோடு ஏழை விவசாயிகளிடம் போய் நாடகம் போட்டார். நிலத்துக்காக ரத்தம் சிந்துவோம் என்று நடிகர்கள் துப்பாக்கியை உயர்த்திப் பாடினார்கள். நெகிழ்ந்துபோன ஒரு விவசாயி, துப்பாக்கிகளோடு தங்களுடன் சண்டைக்கு வரும்படி அவர்களைக் கூப்பிட்டார். அவை நாடகத்துக்காகச் செய்தவை, சுடாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. அப்படியென்றால் நீங்கள் பாடிய ரத்தம் எங்கள் ரத்தம்தானா என்று அவர் கேட்டார். அதன்பின் போவால் மேடையிலிருந்து அறிவுரை சொல்வதை விட்டுவிட்டார். 1973இல் பெரு நாட்டின் எழுத்தறிவுத் திட்டத்தில் பணியாற்றியபோது பார்வையாளரையே மேடைக்கு அழைத்தார். இன்று விவாத அரங்கு என்று நாங்கள் செய்வது அதன் தொடர்ச்சிதான். ஒரு சிறு நாடகம் தோல்வியில் முடியும். அதையே மறுபடி நடிக்கும்போது யார் வேண்டுமானாலும் 'நிறுத்துங்க' என்று சொல்லி, ஒடுக்கப்படும் பாத்திரத்தின் இடத்தில் நின்று வேறு வழியை முயன்று பார்க்கலாம்.

இதன் வலிமையும் ஆபத்தும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. மனைவியின் சம்பளத்தைக் கணவன் பிடுங்கிக்கொள்ளும் காட்சி ஒன்று. கூட்டத்திலிருந்து எழுந்து வந்த ஒரு பெண், நடிகர் நீட்டிய கையைப் பார்த்துக்கொண்டே பணத்தை மடித்து இடுப்பில் செருகினார். "இது என் உழைப்பு, தர மாட்டேன்" என்றார். கைதட்டல் அடங்கவே நேரமாயிற்று. வாசல் அருகே நின்ற ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று எங்களுடன் ஓர் ஆலோசகர் வந்திருந்தார். அந்தப் பெண் கிளம்புவதற்கு முன் அவரோடு தனியாக உட்கார்ந்து பேச முடிந்தது.

அதனால்தான் சொல்கிறேன்: ஆலோசகரோ சட்டம் தெரிந்தவரோ இல்லாமல் வன்முறை பற்றிய நாடகத்தைப் போடாதீர்கள். பாதிக்கப்பட்டவரையே அவருடைய பாத்திரத்தில் நடிக்க வைக்காதீர்கள். மேடையில் கண்ணீர் உண்மையாக இருக்கும், சரி, ஆனால் அந்த நாளை அவர் மறுபடி வாழ வேண்டியிருக்கும். இரண்டு மூன்று பேரின் அனுபவங்களைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி மாற்றி எழுதுங்கள். கதை தந்தவருக்கு ஒத்திகையைக் காட்டுங்கள். கடைசி நிமிடத்தில் 'வேண்டாம்' என்றாலும் அந்தக் காட்சியை எடுத்துவிடுங்கள். மேடைக்குச் சம்மதித்தவர் வீடியோவுக்கும் சம்மதித்துவிட்டார் என்று நினைக்காதீர்கள், அதைத் தனியாகக் கேளுங்கள்.

அப்புறம், நாடகத்தில் வந்த யோசனைகளை எழுதிவைத்து, உரியவர்களிடம் கொண்டுபோக ஆள் வேண்டும். போவால் 1993 முதல் 1996 வரை ரியோ டி ஜெனிரோ நகர்மன்ற உறுப்பினராக இருந்தபோது, மக்களோடு நாடகம் போட்டுத் திரட்டிய யோசனைகளிலிருந்து 13 சட்டங்கள் நிறைவேறின. நம் கையில் பதவி இல்லாவிட்டாலும் அதே இடத்துக்குத் திரும்பிப் போகலாம், என்ன ஆயிற்று என்று கேட்கலாம். அந்தப் பயணத்துக்கும் ஆலோசகரின் ஊதியத்துக்கும் திட்ட வரைவிலேயே பணம் கேளுங்கள். நிதி தருபவர்கள் மறுத்தால், நாடகம் போடும் தடவைகளைக் குறைத்து, மிச்சமாகும் தொகையை இதற்கு ஒதுக்குங்கள்.