செல்லின் முதுமையை மூலிகை மாத்திரை தள்ளிப்போடுமா?

மூப்பைத் தள்ளிப்போடும் என்று விற்கப்படும் மூலிகை மாத்திரைகள் பெரும்பாலும் ஒரே விளக்கத்தைத்தான் சொல்கின்றன. ஃப்ரீ ரேடிக்கல்கள் செல்லைச் சிதைக்கின்றன, மூலிகையில் இருக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் அவற்றை அடக்கிவிடும் என்கின்றன. இந்தக் கருத்துக்கு அடித்தளம் போட்டவர் அமெரிக்க விஞ்ஞானி டென்ஹம் ஹார்மன். உடலின் இயல்பான வேதிவினைகளில் தோன்றும் இந்தத் துடிப்பான மூலக்கூறுகளே முதுமைக்குக் காரணம் என்று 1956-ல் அவர் எழுதினார். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான்.

மறுபாதி 2009-ல் வெளிச்சத்துக்கு வந்தது. ஜெர்மனியில் மிக்கேல் ரிஸ்டோவின் குழு இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்ய வைத்தது. பாதிப் பேருக்குத் தினமும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி, கூடவே வைட்டமின் ஈ; இரண்டுமே ஆன்டிஆக்ஸிடன்ட்கள். பயிற்சி மட்டும் செய்தவர்களின் உடல் இன்சுலினை முன்பைவிட நன்றாகப் பயன்படுத்தியது. அவர்களுடைய தசையில் செல்லைக் காக்கும் நொதிகளுக்கான மரபணுக்களும் கூடுதலாக வேலை செய்தன. வைட்டமின் எடுத்தவர்களிடம் இந்த இரண்டு பலனும் தென்படவில்லை. உழைத்த உழைப்பின் பலனை மாத்திரை விழுங்கிவிட்டது.

ஏன் அப்படி? பயிற்சியின்போது எழும் ஃப்ரீ ரேடிக்கல்கள் செல்லுக்கு ஓர் எச்சரிக்கையும்கூட. நெஃப்2 (Nrf2) என்றொரு புரதம் செல்லுக்குள் இருக்கிறது. சாதாரண நேரத்தில் கீப்1 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்துவைத்து, உடனுக்குடன் அழிக்க அனுப்பிவிடும். துடிப்பான மூலக்கூறுகள் வந்து கீப்1-இல் உள்ள கந்தக முனைகளைத் தாக்கினால் அந்தப் பிடி தளர்கிறது. தப்பித்த நெஃப்2 உட்கருவுக்குள் போய், குளுட்டாதயோன் போன்ற சொந்தப் பாதுகாப்புப் பொருட்களைத் தயாரிக்கும் மரபணுக்களை இயக்குகிறது. எச்சரிக்கையை முளையிலேயே அணைத்துவிட்டால் இந்த வேலை எதுவும் தொடங்காது.

பல மூலிகைப் பொருட்கள் வேலை செய்வதும் இதே வழியில்தான் என்பது எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த செய்தி. ப்ரோக்கோலியின் சல்ஃபோராஃபேனும் மஞ்சளின் குர்குமினும் கீப்1-ஐ உறுத்துகின்றன. சல்ஃபோராஃபேன் அந்தச் செடி பூச்சிகளை விரட்ட வைத்திருக்கும் ஆயுதம். நம் செல்லுக்கு அது சின்ன அளவில் ஒரு சீண்டல். அந்தச் சீண்டலுக்குப் பதிலாகச் செல் தன்னைப் பலப்படுத்திக்கொள்கிறது. அப்படியானால் மூலிகை நேராகப் போய் ஃப்ரீ ரேடிக்கலோடு மோதுவதைவிட, செல்லைத் தட்டி எழுப்புவதுதான் முக்கியம். இதில் அளவு கூடக்கூட நன்மையும் கூடும் என்ற கணக்கு செல்லாது.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஃபின்லாந்தில் நடந்து 1994-ல் முடிவு வெளியான பெரிய ஆய்வு ஒன்று சாட்சி. பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை எடுத்த புகைபிடிப்பவர்களுக்கு, அதை எடுக்காத புகைபிடிப்பவர்களைவிட நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது.

குர்குமினுக்கு வேறு ஒரு சிக்கல். குடலும் கல்லீரலும் அதை வேகமாக மாற்றி வெளியேற்றிவிடுவதால் ரத்தத்தில் அது சேர்வதே அபூர்வம். மிளகின் பைப்பரினோடு சேர்த்தால் ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு வரை கூடும் என்று 1998-ல் ஓர் ஆய்வு காட்டியது. அப்புறம் என்ன, மாத்திரைகளில் பைப்பரினும் சேர்ந்துகொண்டது. ஆனால் பைப்பரின் இதைச் சாதிப்பது கல்லீரலின் கழிவகற்றும் வழியை மந்தமாக்கித்தான். அதே வழியில் போகும் மற்ற மருந்துகளும் ரத்தத்தில் அதிகம் தங்கலாம். செறிவான குர்குமின் மாத்திரை எடுத்த சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததும் பதிவாகியிருக்கிறது. உணவில் சேரும் மஞ்சளை நினைத்து யாரும் பயப்பட வேண்டாம், அதன் அளவே வேறு.

டெலோமியரை நீட்டும் என்று சொல்லும் மூலிகைகளும் உண்டு. குரோமோசோமின் முனையில் இருக்கும் டெலோமியர், செல் பிரியும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேய்கிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனித செல் சுமார் 50 முறை பிரிந்ததும் நின்றுவிடுவதை 1961-ல் லெனார்ட் ஹேஃப்ளிக் காட்டினார். அதற்கு முக்கியக் காரணம் இந்தத் தேய்மானம். டெலோமியரை மீண்டும் நீட்டும் நொதியின் பெயர் டெலோமெரேஸ். அஸ்ட்ராகலஸ் என்ற செடியின் சாறு அதைத் தூண்டுவதாக விற்கிறார்கள். ஆனால் சுமார் 85 முதல் 90 சதவீதப் புற்றுநோய்களில் செல்கள் சாகாமல் பெருகிக்கொண்டே போவதும் இதே நொதியின் துணையால்தான். அதனால் உடல் முழுக்க அதைத் தூண்டிவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

சரி, பழக்கங்கள்? உடற்பயிற்சி நெஃப்2 பாதையை மட்டுமல்லாமல், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாக்களைப் புதிதாக உருவாக்கும் பாதையையும் இயக்குகிறது. சாப்பாட்டுக்கு இடையே இடைவெளி விழுந்தால் செல் தன் பழுதான பாகங்களைத் தானே சிதைத்து மறுபடி பயன்படுத்துகிறது. ஆட்டோஃபேஜி எனும் இந்த வேலையின் மரபணுக்களைக் கண்டறிந்ததற்காக யோஷினோரி ஓசுமி 2016-ல் நோபல் பெற்றார்.

உணவைக் குறைப்பதை மனிதர்களிடமே சோதித்துப் பார்த்த ஆய்வின் பெயர் கேலரி (CALERIE). உடல் பருமன் இல்லாதவர்கள் இரண்டு ஆண்டு கலோரியைச் சராசரியாக 12 சதவீதம் குறைத்துச் சாப்பிட்டார்கள். டிஎன்ஏ-வின் வேதிக்குறிகளை வைத்து மூப்பின் வேகத்தை அளந்தபோது அது 2 முதல் 3 சதவீதம் குறைந்திருந்தது. மூப்பை அளக்கும் வேறு இரண்டு அளவுகோல்களில் மாற்றம் தெரியவில்லை. சின்ன எண்தான், ஆனாலும் முறையாகப் பரிசோதித்துப் பெற்றது. மனித ஆயுளை நீட்டியதாக நிரூபிக்கப்பட்ட மூலிகை மாத்திரை இதுவரை ஒன்றுகூட இல்லை. வேறு மருந்து எடுப்பவர்களும் அறுவை சிகிச்சைக்குத் தயாராகிறவர்களும் மூலிகை மாத்திரை எடுத்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.