செல் எந்தப் பக்கம் பிரிகிறது?

கருப்பை வாயிலிருந்து பரிசோதனைக்கு எடுத்த சதைத்துண்டு, அதாவது பயாப்சி, என் மேசைக்கு வரும்போது ஓர் அரிசி மணி அளவுதான் இருக்கும். மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, ஊதாவும் இளஞ்சிவப்புமாகச் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் வைத்ததும் நான் முதலில் பார்ப்பது செல்கள் நிற்கும் வரிசையை. அடியில் ஒரு வரிச் செல்கள் நெருக்கியடித்து நிமிர்ந்து நிற்கும். மேலே போகப் போக அகன்று, தட்டையாகி, கடைசியில் செதில்போல உதிரும். செல் பிரிவதெல்லாம் அடிப்பக்கத்தோடு சரி.

இந்த வரிசை தானாக நிற்பதில்லை. அடியில் உள்ள ஒரு செல் படுக்கைவாட்டில் பிரிந்தால் இரண்டு சேய்ச் செல்களும் தரையிலேயே தங்கும். செங்குத்தாகப் பிரிந்தால் ஒன்று தரையில் தங்க, மற்றது மேல்மாடிக்குப் போய்விடும். இதைத் தீர்மானிப்பது கதிர்க்கோல், அதாவது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப் பிரிக்கிற இழைக்கட்டு. அது எந்தப் பக்கம் நீண்டு கிடக்கிறதோ, அதற்குக் குறுக்கேதான் செல் இரண்டாகும்.

அப்போது கதிர்க்கோலைத் திருப்புவது யார்? செல்லின் நீளவாக்கில்தான் கதிர்க்கோல் அமையும் என்று 1884-ல் ஆஸ்கார் ஹெர்ட்விக் சொன்னார். அது பாதிக் கதை. செல்லின் உள்விளிம்பில் ஓரிடத்தில் எல்ஜிஎன், நியூமா என்ற புரதங்கள் கூடி நிற்கும். அவை டைனீன் என்ற மோட்டார் புரதத்தை அங்கேயே பிடித்து நிறுத்தும். கதிர்க்கோலின் முனையிலிருந்து விளிம்புவரை ஓடும் இழைகளை டைனீன் இழுக்கும். தேர் வடம் மாதிரிதான்: இழுக்கிறவர்கள் எந்தப் பக்கம் கூடுகிறார்களோ, அந்தப் பக்கம் தேர் திரும்பும்.

எங்கே கூட வேண்டும் என்பது செல்லுக்கு மேல் எது, கீழ் எது என்று தெரிந்திருப்பதைப் பொறுத்தது. அடிச்செல்கள் நிற்கும் தரையான மெல்லிய அடித்தளச் சவ்வைப் பற்றியிருக்கும் பிடியும், பக்கத்துச் செல்லோடு உள்ள பிணைப்பும்தான் அதற்கு அடையாளம். எலிக்கருவின் தோல் அடுக்கடுக்காக வளரும்போது அடிச்செல்கள் பல செங்குத்தாகப் பிரிவதை 2005-ல் டெர்ரி லெக்லரும் எலைன் ஃபுக்ஸும் காட்டினார்கள். வளர்ந்த எலியின் தோலில் பெரும்பாலும் படுக்கைவாட்டில் பிரிந்து, அப்புறம்தான் ஒரு செல் மேலே நகர்கிறது. ஆக, எல்லாத் திசுவுக்கும் ஒரே விதி கிடையாது.

கருப்பை வாயில் இந்த ஒழுங்கைக் குலைக்க வருவது ஹெச்பிவி வைரஸ். புற்றுநோயில் கொண்டுவிடக்கூடிய ஆபத்தான வகைகளின் ஈ6 புரதம், செல்லின் காவலாளியான பி53-ஐ அழிக்கும் என்பது பலருக்குத் தெரியும். அதே ஈ6, செல்லுக்கு மேல்-கீழ் உணர்த்தும் ஸ்க்ரிபிள், டிஎல்ஜி என்ற புரதங்களையும் குறிவைக்கிறது. பிறப்புறுப்பு மருவை உண்டாக்கும் 6, 11 வகைகளின் ஈ6-க்கு, அந்தப் புரதங்களைப் பற்றிக்கொள்ளும் வால் இல்லை. ஒரு சிறு வாலில் இத்தனை வித்தியாசம் இருப்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அதன் விளைவை ஸ்லைடில் கண்ணால் பார்க்கலாம். மேலடுக்கில் அமைதியாகத் தட்டையாகக் கிடக்க வேண்டிய இடத்தில் ஒரு செல் பிரிந்துகொண்டிருக்கும். குரோமோசோம்கள் திரண்ட கருங்கோடு ஒரு செல்லில் நேராக, அடுத்ததில் சாய்வாக இருக்கும். சில சமயம் இரண்டு முனைக்குப் பதில் மூன்று முனைக்கு இழுபடும். இந்தக் குலைவு எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று குறிக்கும் தரம்தான் சிஐஎன். அடி மூன்றில் ஒரு பங்கோடு நின்றால் சிஐஎன் 1. அது பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். முழு உயரத்துக்கும் ஏறிவிட்டால் சிஐஎன் 3.

நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணின் ஸ்லைடில் சிஐஎன் 3 என்று எழுதி அனுப்பினேன். வலி இல்லை, ரத்தம் படவில்லை என்று ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துவிட்டார். சில வருடம் கழித்து வந்த பயாப்சியில் செல்கள் அடித்தளச் சவ்வை உடைத்துக் கீழே இறங்கியிருந்தன; அதாவது, புற்றுநோய். முதல் ஸ்லைடையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

தொந்தரவு இல்லாததற்குக் காரணம் உண்டு. இந்த மேல்தோலுக்குள் ரத்தக்குழாய் கிடையாது. சவ்வைத் தாண்டாதவரை ரத்தம் கசிய வழியில்லை. எதிர்ப்புச் சக்தி நன்றாக உள்ளவர்களுக்கு, இப்படி மாறிய செல்கள் புற்றுநோயாகப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அத்தனை காலமும் உடம்பு எதுவும் சொல்லாது. பரிசோதனைதான் சொல்லும்.

30 வயதைத் தாண்டிய பெண்கள், கருப்பை வாய்ச் செல்களை வருடி எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியரோ ஹெச்பிவி டெஸ்டோ செய்துகொள்ளலாம். அசிட்டிக் அமிலம் தடவி ஒரு நிமிடம் பொறுத்து, வெண்திட்டு தெரிகிறதா என்று பார்க்கும் எளிய முறையும் அரசு மருத்துவமனைகளில் உண்டு. 9 முதல் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்குத் தடுப்பூசி இருக்கிறது. ரிப்போர்ட்டில் சிஐஎன் 2 அல்லது 3 என்று இருந்தால், உடம்பு நன்றாக இருந்தாலும் அந்த வாரமே மகளிர் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். அந்தக் கட்டத்தில், கெட்ட பகுதியை மட்டும் மின்கம்பி வளையத்தால் சீவி எடுத்துவிட்டு, பெரும்பாலானவர்கள் அன்றே வீட்டுக்குப் போய்விடலாம்.