தேய்ந்த வாசற்படியை யாரும் வரைவதில்லை

கட்டடக்கலை முதலாண்டு மாணவர்களோடு பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "டிராயிங் வகுப்பு எதற்கு என்று புரிகிறது. மானிடவியல் எதற்கு?" பலர் அந்த வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து மறுநாள் கொடுக்க வேண்டிய ஷீட்டை முடித்துக்கொண்டிருப்பார்கள். நானும் அப்படிப் படித்தவன்தான். அதில் எதை இழந்தேன் என்பது தொழிலுக்கு வந்த பிறகே தெரிந்தது.

தொழில் தொடங்கிய புதிதில் ஒரு பழைய வீட்டை விரிவாக்கும் வேலை கிடைத்தது. இரண்டு நாள் டேப்பும் கையுமாக அளந்தேன். 1:50 ஸ்கேலில் பிளான் (தரைப்படம்), இரண்டு செக்‌ஷன் (குறுக்குவெட்டுப் படம்), நான்கு எலிவேஷன் (வெளிப்பக்கத் தோற்றம்). அளவில் ஒரு பிழைகூட இல்லை. சமையலறையின் பக்கவாட்டுக் கதவை அடைத்து அங்கே அலமாரி வைத்தேன், முன்வாசலை அகலப்படுத்தினேன். கட்டி முடித்துச் சில மாதங்களிலேயே அந்தக் குடும்பம் அலமாரியைக் கழற்றி, சுவரை இடித்து, பழைய இடத்திலேயே கதவை வைத்துக்கொண்டது. அவர்கள் வந்து போவது, பக்கத்து வீட்டாரோடு பேசுவது, பிள்ளைகள் ஓடி வருவது எல்லாம் அந்த வழியாகத்தான். அளவெடுத்தபோது பிடித்த புகைப்படங்களைத் தேடி எடுத்தேன். சமையலறை வாசற்படி நடுவில் குழிந்து தேய்ந்திருந்தது. முன்வாசற்படியின் விளிம்பு கூர் மழுங்காமல் அப்படியே இருந்தது. அந்தப் படியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் குறித்து வைத்திருந்த நான், தேய்மானத்தைக் குறிக்கவில்லை.

என் அனுபவக் குறைவு ஒரு காரணம். பிளான் என்ற வரைமுறை நம் கண்ணைப் பழக்கும் விதம் இன்னொரு காரணம். தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரத்தில் கட்டடத்தைக் கிடைமட்டமாக வெட்டி, மேல்பாதியை எடுத்துவிட்டு, மேலிருந்து பார்ப்பதாக வைத்துத்தான் அதை வரைகிறோம். வெட்டுப்பட்ட சுவருக்குத் தடித்த கோடு, கீழே தெரிவதற்கு மெல்லிய கோடு, வெட்டுக்கு மேலே இருப்பதற்கு விட்டு விட்டு வரும் கோடு. கட்டுவதற்கு இதைவிடத் தெளிவான மொழி இல்லை. ஆனால் அந்த வீட்டில் வாழ்கிற யாரும் தங்கள் வீட்டை அந்த இடத்திலிருந்து பார்த்ததில்லை. எதை வரைய வேண்டும் என்று கற்றுக்கொள்ளும்போதே, எதை வரையாமல் விடலாம் என்பதையும் நம்மை அறியாமல் கற்றுக்கொள்கிறோம்.

மானிடவியல் வகுப்பிலும் வரைபடம் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. உறவுமுறை வரைபடத்தில் முக்கோணம் ஆண், வட்டம் பெண், சமக்குறி திருமணம், குறுக்கே ஒரு கோடு விழுந்தால் இறந்தவர். நம்முடைய கதவு, ஜன்னல் குறியீடுகளைப் போலவே கச்சிதமானது. இப்போது எந்த வீட்டு வேலை வந்தாலும் முதலில் அந்தக் குடும்பத்துக்கு இதை வரைந்து பிளானுக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கிறேன். 'மூன்று படுக்கையறை' என்ற குறிப்பு அப்போதே வேறு கேள்விகளாகிவிடுகிறது. யார் யாரோடு தூங்குகிறார்கள்? இரவில் யார் எழுந்தால் யாருக்குத் தெரிய வேண்டும்? திருமணமாகி வெளியே போனவர் வந்து தங்கினால் எங்கே?

உறவும் தரைப்படமும் எவ்வளவு நெருக்கமாகப் பின்னியிருக்கும் என்பதற்கு, பிரேசிலின் பொரோரோ பழங்குடி மக்களைப் பற்றி பிரெஞ்சு மானிடவியலாளர் குளோத் லெவி-ஸ்ட்ராஸ் எழுதியதை நான் அடிக்கடி சொல்வேன். 1930களில் அவர் அவர்களிடையே களப்பணி செய்தார். வட்டமாக அமைந்த குடிசைகள், நடுவில் ஆண்களின் பொது இல்லம். கற்பனையான ஒரு கோடு ஊரை இரண்டு பாதியாகப் பிரித்தது. ஒருவர் தன் தாயின் பாதியைச் சேர்ந்தவர். மணம் முடிப்பது எதிர்ப் பாதியில். மணமான ஆண் நடுவெளியைக் கடந்து மனைவியின் பக்கம் போய்க் குடியேற வேண்டும். சலேசியக் கத்தோலிக்க மிஷனரிகள், வட்டத்தை விட்டு நேர்வரிசை வீடுகளுக்கு மாறவைத்தால் மதமாற்றம் எளிதாகும் என்று கண்டுகொண்டார்கள் என்று அவர் எழுதுகிறார். திசை குழம்பிய மக்களுக்குத் தங்கள் சமூக அமைப்பும் சடங்குகளும் பிடிபடாமல் போயின. வட்டத்தை வரிசையாக மாற்றுவது வரைபலகையில் ஐந்து நிமிட வேலை. முதலாண்டு மாணவர் அந்தக் கோட்டைப் போடும்போது கை ஒரு கணம் நின்றால் போதும், அந்த வகுப்பு பலனளித்துவிட்டது என்பேன்.

கவனித்து வரைந்தாலும் எதைக் கவனித்தோம் என்ற கேள்வி மிச்சம் இருக்கும். 1926இல் ஆஸ்திரியக் கட்டடக்கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி ஜெர்மனியில் வடிவமைத்த பிராங்க்பர்ட் சமையலறை ஏறத்தாழ 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர்தான். வேலை செய்பவரின் ஒவ்வொரு அடியையும் கை அசைவையும் கணக்கிட்டு, அலைச்சலைக் குறைக்க அமைத்தது. சுமார் 10,000 வீடுகளில் அதைப் பொருத்தினார்கள். உழைப்பை மதித்துச் செய்த அந்த வேலை மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அது ஒருவர் நின்று வேலை செய்யும் இடம். கூடவே இன்னொருவர் காய் நறுக்கவோ, பிள்ளை ஓர் ஓரத்தில் உட்கார்ந்து படிக்கவோ அங்கே இடமில்லை. அடிகளை எண்ணிய கண் அடுத்த ஆளை எண்ணவில்லை.

சரி, மாணவர் என்ன செய்யலாம்? மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி 1915 முதல் 1918 வரையிலான ஆண்டுகளில், பப்புவா நியூ கினியைச் சேர்ந்த ட்ரோப்ரியாண்ட் தீவுகளில், ஊருக்குள்ளேயே கூடாரம் போட்டு நீண்ட காலம் தங்கினார். நமக்கு அவ்வளவு நேரம் கிடைக்காது, ஒரு மணி நேரம் கிடைக்கும். அளந்து வரைந்த பிளான் மீது டிரேசிங் பேப்பரைப் போட்டு, அந்த இடத்திலேயே உட்காருங்கள். யார் எந்த வழியில் நடந்தார், எங்கே நின்றார், எந்த நாற்காலியை எந்தப் பக்கம் திருப்பினார் என்று கோடும் புள்ளியுமாகக் குறியுங்கள். நேரத்தை ஓரத்தில் எழுதுங்கள். அப்புறம் அவர்களிடம் பேசுங்கள். "எங்கே உட்கார்ந்து சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டால் சாப்பாட்டு மேசையைக் காட்டுவார்கள். மேசை நிறைய பாடப் புத்தகங்களும் பில்களும் கிடக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை. சொல்வதற்கும் செய்வதற்கும் இடையிலான அந்த இடைவெளியில்தான் வடிவமைப்புக்கு வேண்டிய செய்தி இருக்கிறது. கேட்டதை ஒரு நிறத்திலும் பார்த்ததை வேறு நிறத்திலும் குறித்தால் அது கண்ணில் படும்.

அனுமதி வாங்காமல் இதைச் செய்யாதீர்கள். எதற்காகக் குறிக்கிறோம் என்று சொல்லுங்கள், பெயர்களை எழுதாதீர்கள், வேண்டாம் என்றால் தாளை மடித்துவிடுங்கள்.

ஒரு விஷயம் எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. மானிடவியலில் நாலு பாடம் படித்ததுமே சிலர், "இந்தச் சமூகத்தினர் இப்படித்தான் வாழ்வார்கள்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அதன் மேல் வீட்டை வரைகிறார்கள். ஒரே கூரையின் கீழ் மாமியாருக்கு வேண்டியதும் மருமகளுக்கு வேண்டியதும் வேறு. பேசிப் பார்க்காமல் 'கலாச்சாரம்' என்று எழுதிவைப்பது, அளக்காமல் அளவு எழுதுவதற்குச் சமம்.

சமீபத்தில் ஒரு மாணவி தன் டிரேசிங் தாளைக் கொண்டுவந்து காட்டினார். கல்லூரி நூலகப் படிக்கட்டின் நடுத்தளம். பிளானில் அது வெறும் செவ்வகம், அம்புக்குறியோடு. அவர் தாளில் ஒரு மூலை முழுக்கப் புள்ளிகள். நண்பர்களுக்காகக் காத்திருப்பவர்கள் அங்கேதான் ஒதுங்குகிறார்களாம். கைப்பிடி ஓரமாக ஒரு புள்ளி மட்டும் தனியே இருந்தது. கேட்டேன். தினமும் சுத்தம் செய்ய வரும் அம்மா, கூட்டம் கலையும் வரை அங்கே நின்று காத்திருப்பார் என்றார். அந்தச் செவ்வகத்தை இரண்டு அடி நீட்ட முடியுமா என்று பார்க்க, அன்றே டேப்பை எடுத்துக்கொண்டு மறுபடியும் போனார்.