சுவிட்ச் போட்ட அன்றே கால் ஏன் நிமிர்வதில்லை?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "அக்காவின் மகனுக்குப் பதினொரு வயது. வலது கால் உள்ளுக்குத் திரும்பி முறுகுது. இப்ப கழுத்தும் இழுக்குது. டிஸ்டோனியாவாம், தசைகள் தாமாகவே இழுத்து உடலை முறுக்கும் நோயாம். மூளைக்குள் வயர் வைத்துக் கரண்ட் கொடுக்கலாம் என்கிறார்கள். பிள்ளைக்கு ஷொக் அடிக்காதா? வைத்தவுடன் நேராக நடப்பானா?"

ஷொக் அடிக்காது. கொடுப்பது சில வோல்ட்தான். ஒவ்வொரு துடிப்பும் மைக்ரோசெக்கன் கணக்கில் முடிந்துவிடும். மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. பெரியவர்களுக்குப் பார்க்கின்சன் நோய்க்கு இதைச் செய்யும்போது விழித்திருக்க வைப்பதுண்டு. சிறுவர்களைப் பெரும்பாலும் மயக்கத்தில் ஆழ்த்தி, எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்தே இடம் குறிக்கிறார்கள். ஒன்றேகால் மில்லிமீற்றர் தடிப்புள்ள மின்முனை உள்ளே போகும். அதன் வயர் தோலுக்கடியால் கழுத்து வழியே இறங்கி, நெஞ்சிலோ வயிற்றிலோ பதித்த பற்றரியில் முடியும். பிள்ளை வளர வளர உயரமும் கூடுமே, அதனால் வயரைக் கொஞ்சம் நீளமாகவே சுருட்டி வைப்பார்கள்.

இரண்டாவது கேள்விக்குத்தான் சுவாரசியமான பதில் இருக்கிறது.

மூளையின் ஆழத்தில் குளோபஸ் பாலிடஸ் என்றொரு பகுதி. அதன் உட்பக்க நரம்புக் கலங்களுக்கு ஓய்வே இல்லை. நாம் சும்மா இருக்கும்போதும் செக்கனுக்கு அறுபது எழுபது தடவை துடித்து, "அசையாதே" என்று தலமஸுக்கு, அதாவது பெருமூளைக்குச் செய்தி கடத்தும் பகுதிக்கு, சொல்லிக்கொண்டே இருக்கும். பேனையை எடுக்க நினைத்தால் அந்த அசைவுக்குரிய கலங்கள் மட்டும் சற்று அடங்கும், மற்றவை தடுத்தபடியே இருக்கும். டிஸ்டோனியாவில் இந்த ஒழுங்கு குலைகிறது. துடிப்பு குறைந்து, விட்டு விட்டுக் கொத்தாக வருகிறது. செக்கனுக்கு நாலிலிருந்து பன்னிரண்டு வரையான மந்தமான அலையொன்று அதன்மேல் ஏறிவிடுகிறது. கையை மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் இழுக்க, உடல் முறுகுகிறது.

அங்கே செக்கனுக்கு 130 தடவை ஒரே சீரான துடிப்பைக் கொடுத்தால் என்ன நடக்கும்? கலங்கள் செயலிழந்து போவதாகத்தான் முதலில் நினைத்தார்கள், ஏனென்றால் அதே இடத்தைச் சுட்டழித்தாலும் நோய் குறைந்தது. விஷயம் அவ்வளவு எளிதல்ல. கலத்திலிருந்து வெளியே போகும் நரம்பிழை இன்னும் வேகமாகவே துடிக்கிறது, ஆனால் அந்தத் துடிப்பில் செய்தி எதுவும் இல்லை. கரையோர ரயில் கடக்கும்போது பக்கத்தில் நிற்பவர் பேச்சு அமுங்கிப்போகுமே, அப்படித்தான் பிழையான செய்தி அமுங்கிப்போகிறது. தலமஸைப் பொறுத்தவரை பிழையான கட்டளையைவிடக் கட்டளையே வராதது மேல்.

1987இல் பிரான்சின் கிரனோபிள் நகரில் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் பெனபிட் தலமஸில் இதைச் செய்தபோது நடுக்கம் உடனே நின்றது. ஆனால் டிஸ்டோனியா அப்படி அடங்குவதில்லை. சுவிட்ச் போட்டதும் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. சில நாட்களிலோ வாரங்களிலோ வெட்டி வெட்டி இழுக்கும் அசைவுகள் தணியும். இறுகி நின்றுவிட்ட வளைவு இளக மாதங்கள் போகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். செய்தி அமுங்குவதற்கு ஒரு கணம் போதும் என்றால் இவ்வளவு தாமதம் எதற்கு?

பிழையான செய்தியைக் கேட்டுக் கேட்டே பெருமூளையின் இயக்கப் பகுதி பிழையான பழக்கமொன்றைப் படித்துவிட்டது, அதை மறக்கத்தான் இத்தனை மாதம் என்பது இன்றைய விளக்கம். எனக்கு இது பிடித்திருப்பதற்குக் காரணம், மறுபக்கமும் பொருந்துகிறது. நெடுங்காலம் சிகிச்சை பெற்றவர்களில் சிலருக்கு, கருவியை நிறுத்தினாலும் முறுக்கு உடனே திரும்புவதில்லை, மெதுவாகத்தான் வருகிறது. அதற்காகப் பற்றரி விஷயத்தில் அசட்டையாக இருக்க முடியாது. சில பிள்ளைகளுக்கு அது தீர்ந்ததும் முறுக்கு கடுமையாகத் திரும்பி, அவசர சிகிச்சைப் பிரிவுவரை கொண்டுபோயிருக்கிறது.

எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பலன் கிடைக்காது. 'டிவைடி1' என்ற மரபணுப் பிழையால் வந்த டிஸ்டோனியாவுக்கு நல்ல பலன் உண்டு. பிரான்சின் மொன்பெலியே நகரில் கூப் என்ற மருத்துவரின் குழுவினர் 2000இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டது அதைத்தான். மூட்டுகள் நிரந்தரமாக இறுகுமுன் செய்தால் இன்னும் நல்லது. பிறந்தவுடன் கடும் மஞ்சட்காமாலையால் குளோபஸ் பாலிடஸே சேதமான பிள்ளைகளுக்குப் பலன் மிகக் குறைவு. இதை முதலிலேயே பெற்றோருக்குச் சொல்லிவிட வேண்டும்.

இனி என் ஆதங்கம். காலையில் ஓடித்திரியும் பிள்ளை பொழுதுபட்டால் காலை இழுத்து நடக்கிறது என்றால், நம் வீடுகளில் முதலில் தேசிக்காய் வெட்டுவார்கள், பிறகு நூல் கட்டுவார்கள். இதே அறிகுறியோடு ஒரு நோய் இருக்கிறது, ஜப்பானிய மருத்துவர் செகாவா விவரித்தது. மூளையில் செய்தி கடத்தும் டொபமின் என்ற இரசாயனம் போதாததால் வருவது. தூங்கி எழுந்தால் தேறும், மாலையில் மோசமாகும். இதற்கு சத்திரசிகிச்சையே தேவையில்லை, சிறிதளவு லெவோடோபா மாத்திரை போதும். பல லட்சம் ரூபாய்க் கருவிகள் வாங்குவதைப் பற்றிப் பேசுகிறவர்கள், இந்த மலிவான மாத்திரைச் சோதனை மாவட்ட வைத்தியசாலைகளில் தவறாமல் நடக்கிறதா என்று முதலில் பார்க்கலாம். வாசகியும் அடுத்த முறை டொக்டரிடம் போகும்போது கேட்கட்டும்: லெவோடோபா கொடுத்துப் பார்த்தாயிற்றா, உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய் இல்லையென்று உறுதியா, மரபணுப் பரிசோதனை செய்தாயிற்றா?